மருந்து விலைக்கு உச்சவரம்பு: எதன் மேல் வைப்பது?

மாத்திரை அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் பொடி எழுத்தில் எம்.ஆர்.பி. இருக்கும். அதிகபட்ச சில்லறை விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி தவறு. ஆக, நாம் வாங்கும் ஒவ்வொரு மருந்துக்கும் ஏற்கெனவே ஓர் உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் பெரும்பாலான மருந்துகளில் அந்த எண்ணை எழுதியது அரசு அல்ல, தயாரித்த நிறுவனமே. கடைக்காரருக்கு எட்டு ரூபாய்க்கு வரும் அட்டையில் அறுபது ரூபாய் என்று அச்சடிக்கலாம். 'எல்லா மருந்துக்கும் 20% தள்ளுபடி' என்று தெருவுக்குத் தெரு போர்டு தொங்குவதற்கு ஒரு காரணம், தள்ளுபடி கொடுத்த பிறகும் மிச்சம் நிற்கும் அளவுக்கு அந்த எண் மேலே எழுதப்பட்டிருப்பதுதான்.

கணிதத்தில் இந்த விஷயம் சுத்தமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஓர் எண் தொகுப்பில் உள்ள எதுவுமே தாண்டாத எண் எதுவானாலும் அது அந்தத் தொகுப்புக்கு மேல்வரம்பு. 4, 6, 8, 10, 22 என்று ஐந்து எண்கள் இருந்தால் 22 ஒரு மேல்வரம்பு, 23-ம் மேல்வரம்பு, பத்து லட்சமும் மேல்வரம்புதான். ஒன்று இருந்தால் எண்ணற்றவை இருக்கும். அதனால் 'மேல்வரம்பு உண்டா' என்ற கேள்வியோடு கணிதம் நிற்பதில்லை, 'அவற்றில் மிகச் சிறியது எது' என்று கேட்கிறது. நிறுவனமே எழுதிக்கொள்ளும் எம்.ஆர்.பி. அந்தப் பத்து லட்சத்தைப் போன்றது. வரம்பு என்பது உண்மை, ஆனால் யாரையும் தடுப்பதில்லை.

ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. நாம் மேல்வரம்பு ஒன்றைக் கண்டுபிடித்ததால் எண்கள் இடம் மாறுவதில்லை. சந்தையில் மாறும். வரம்பு இறங்கினால் சிலர் விலையைக் குறைப்பார்கள், சிலர் வரம்பு வரைக்கும் ஏற்றுவார்கள், சிலர் தயாரிப்பையே நிறுத்துவார்கள். அதனால் மருந்துக்கு உச்சவரம்பு தேவையா என்பதைவிட, அதை எதன் மேல் வைப்பது என்பதே எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது. அடக்கச் செலவின் மேலா, சந்தை விலையின் மேலா, இடையில் நிற்பவர்களின் லாபத்தின் மேலா, அல்லது அரசு தானே மருந்து வாங்கச் செலவிடும் தொகையின் மேலா? நான்கையும் இந்தியா செய்து பார்த்திருக்கிறது.

முதலில் வந்தது செலவுக் கணக்கு. 1970 முதல் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைகள் தயாரிப்புச் செலவைக் கணக்கிட்டு, அதற்கு மேல் இத்தனை சதவீதம் என்று விலை வைத்தன. 1995 ஆணையில் அந்தச் சதவீதம் 100. தொழிற்சாலைச் செலவு பத்து ரூபாய் என்றால், விற்பனைச் செலவு, கடைக்காரர் பங்கு, நிறுவனத்தின் லாபம் எல்லாம் சேர்ந்து இன்னொரு பத்து ரூபாய்க்குள் அடங்க வேண்டும். காகிதத்தில் இதைவிட நியாயமான முறை கிடையாது. ஆனால் செலவு எவ்வளவு என்று தெரிந்தவர் தயாரிப்பவர் மட்டுமே. அவர் கொடுக்கும் கணக்கைச் சரிபார்த்து, ஆட்சேபம் கேட்டு, வழக்கைச் சந்தித்து முடிப்பதற்குள் மூலப்பொருள் விலை மாறியிருக்கும். கட்டுப்பாட்டில் இருந்த மூலமருந்துகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்: 1979-ல் 347, 1987-ல் 142, 1995-ல் 74. மருந்து நிறுவனங்கள் கேட்டுக்கொண்டதும் ஒரு காரணம், இத்தனை மருந்துக்குக் கணக்குப் பார்க்க அரசிடம் தெம்பில்லை என்பதும் ஒரு காரணம். கட்டுப்பாட்டில் இருந்த மருந்தை விட்டுவிட்டு இல்லாத மருந்துக்கு நகர்வதும் நடந்தது.

2013-ல் வழி மாறியது. இப்போது நடைமுறையில் இருக்கும் முறை இதுதான் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கும் மருந்துகளுக்கு மட்டும் உச்சவரம்பு. 2022 பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. செலவை யாரும் கேட்பதில்லை. அந்த மருந்தை விற்கும் பிராண்டுகளில், சந்தையில் ஒரு சதவீதமும் அதற்கு மேலும் பங்கு உள்ளவற்றை எடுத்து, கடைக்காரருக்குக் கொடுக்கும் விலைகளின் சராசரியைக் கண்டு, அதோடு கடைக்காரர் பங்காக 16 சதவீதம் சேர்த்தால் உச்சவரம்பு விலை. ஜி.எஸ்.டி. தனி.

மேலே சொன்ன ஐந்து எண்களையே, ஒரே ரத்த அழுத்த மாத்திரையைச் செய்யும் ஐந்து நிறுவனங்கள் கடைக்காரருக்குப் போடும் விலை என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத்திரை 4, 6, 8, 10, 22 ரூபாய். கூட்டினால் 50, சராசரி 10, அதோடு 16 சதவீதம் சேர்த்தால் 11 ரூபாய் 60 காசு. ஐந்தாவது பிராண்ட் அதே 16 சதவீதக் கணக்கில் 25.52-க்கு விற்றுக்கொண்டிருந்தால் 11.60-க்கு இறங்கியாக வேண்டும். அந்த பிராண்டைச் சாப்பிடுபவருக்குச் செலவு பாதிக்கும் கீழே போகிறது. நல்ல விஷயம். மற்ற நால்வருக்கு எதுவும் ஆகாது.

சரி, ஐந்தாவது நிறுவனம் 22-க்குப் பதில் 42 ரூபாய் போட்டிருந்தால்? கூட்டுத்தொகை 70, சராசரி 14, உச்சவரம்பு 16 ரூபாய் 24 காசு. ஒரே ஒரு பிராண்டின் விலை அதிகமாக இருந்ததால் எல்லோருக்குமான வரம்பு 40 சதவீதம் ஏறிவிட்டது. எந்த விலையைத் தடுக்க வேண்டுமோ அந்த விலையே வரம்பை மேலே இழுக்கிறது. சராசரிக்குப் பதில் வரிசையின் நடுவில் நிற்கும் விலையை எடுத்திருந்தால், இரண்டு கணக்கிலும் 8 ரூபாய்தான், 16 சதவீதம் சேர்த்து 9.28. கடைசி ஆள் 22 போட்டாலும் 220 போட்டாலும் அது அசையாது. பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் இந்தச் சின்னத் தேர்வு கோடிக்கணக்கான அட்டைகளின் விலையைத் தீர்மானிக்கிறது.

நியாயமாகச் சொன்னால், இதைவிட மோசமான கணக்கும் முன்வைக்கப்பட்டது. 2011-ல் வந்த வரைவுக் கொள்கை, அதிகம் விற்கும் மூன்று பிராண்டுகளின் விலையை வைத்தே வரம்பு போடலாம் என்றது. சாதாரணமாக, விலை குறைந்த பொருள்தான் அதிகம் விற்கும் என்று எதிர்பார்ப்போம். மருந்தில் அப்படி இல்லை. எழுதுபவர் மருத்துவர், காசு கொடுப்பவர் நோயாளி. நான்கு ரூபாய் அட்டை பக்கத்துக் கடையில் இருப்பதே நோயாளிக்குத் தெரியாது. தெரிந்தாலும் சீட்டில் இருப்பதை மாற்றிக் கேட்க பயம். அதனால் அதிகம் விற்பதே பல நேரம் விலை கூடியதாகவும் இருக்கிறது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு, ஒரு சதவீதமும் அதற்கு மேலும் பங்குள்ள எல்லா பிராண்டுகளின் சாதாரணச் சராசரிக்கு அரசு வந்து சேர்ந்தது.

இந்த முறையின் உண்மையான பலம் வேகம். சந்தைத் தரவு இருந்தால் போதும், கணக்கு முடிந்துவிடும். யார் கணக்குப் போட்டாலும் ஒரே விடை வரும், பேரத்துக்கு இடமில்லை. பலவீனம், உற்பத்திச் செலவுக்கும் வரம்புக்கும் தொடர்பே இல்லாமல் போனது. ஒரு மருந்தில் எல்லா நிறுவனங்களுமே செலவைப்போலப் பத்து மடங்கு விலை வைத்திருந்தால், சராசரியும் கிட்டத்தட்ட பத்து மடங்காகவே இருக்கும். அப்புறம் ஆண்டுதோறும் மொத்த விலைக் குறியீட்டின்படி ஏற்றிக்கொள்ளலாம். 2022-ல் 10.77 சதவீதம், 2023-ல் 12.12 சதவீதம். குறியீட்டில் டீசலும் இரும்பும் ஏறியதற்கு, மாத்திரை விலையும் அதே அளவு ஏற அனுமதி. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கோ தொடக்க விலையில் கட்டுப்பாடே கிடையாது. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மட்டும்தான்.

பொருளாதாரப் பாடப்புத்தகம் விலை உச்சவரம்பைப் பற்றி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லும்: சந்தை விலைக்குக் கீழே வரம்பு வைத்தால் தட்டுப்பாடு வரும். மருந்தில் இது உண்மையா? இரண்டு இந்திய அனுபவங்கள் இரண்டு விடை சொல்கின்றன.

முதலாவது ஸ்டென்ட். இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு கம்பி வலை. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260 ரூபாய் என்று வரம்பு வைத்தது. அதுவரை மருந்து பூசியதன் சராசரி எம்.ஆர்.பி. ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டி இருந்தது. முக்கால் பங்கு விலை ஒரே அறிவிப்பில் இறங்கியது. தங்களுடைய உயர்ரக ஸ்டென்ட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று சில பன்னாட்டு நிறுவனங்கள் விண்ணப்பித்தன. சப்ளையை உடனே நிறுத்தக் கூடாது என்று அரசு சொன்னது. நாடு முழுக்க ஸ்டென்ட் கிடைக்காமல் சிகிச்சை நின்றுபோகும் நிலை வரவில்லை. காரணம் எளிது. விலையின் பெரும்பகுதி தயாரித்தவருக்குப் போகவில்லை, மருத்துவமனைக்கும் இடைத்தரகருக்கும் போய்க்கொண்டிருந்தது. ஆணையமே வெளியிட்ட விவரத்தில் சில இடங்களில் மருத்துவமனையின் லாபம் 600 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. இறங்க இடம் நிறைய இருந்ததால் இறங்கியது. ஆனால் ஸ்டென்ட்டில் குறைந்த தொகை சிகிச்சைக் கட்டணத்தில் ஏறியது என்ற புகார்களும் வந்தன. பில்லில் ஒரு வரியின் மேல் மட்டும் வரம்பு வைத்தால் பணம் அடுத்த வரிக்குப் போகலாம், அந்த வரிக்கு வரம்பு கிடையாது.

இரண்டாவது அனுபவம் நேர் எதிர். 2019 டிசம்பரில் அதே ஆணையம் 21 மருந்துகளின் உச்சவரம்பை 50 சதவீதம் ஏற்றியது. குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி, மலேரியாவுக்கான குளோரோகுவின், தொழுநோய்க்கான டாப்சோன், பழைய பென்சிலின் எல்லாம் அதில் இருந்தன. ஆண்டுக்கணக்கில் விலை அழுத்தி வைக்கப்பட்ட, சில ரூபாய் மருந்துகள். மூலப்பொருள் விலை ஏறியதும் கட்டுப்படியாகவில்லை என்று தயாரிப்பாளர்கள் விலக ஆரம்பித்தார்கள். 2020-ல் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரினுக்கும், 2024 அக்டோபரில் இன்னும் சில மருந்துகளுக்கும் இதே 50 சதவீத ஏற்றம் தர வேண்டி வந்தது. பென்சிலின் மலிவான மருந்துதான், ஆனால் ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்பட்ட குழந்தைக்கு அதன் நீண்டகால ஊசி வடிவத்தை வருடக்கணக்கில், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போட்டாக வேண்டும். அது கடையில் இல்லை என்றால் மலிவு விலையால் அந்தக் குழந்தைக்கு எந்தப் பயனும் இல்லை.

ஆக, பாடப்புத்தகம் தப்பு இல்லை. அது சொல்வது எல்லா மருந்துக்கும் ஒரே மாதிரி பொருந்தாது, அவ்வளவுதான். விலைக்கும் செலவுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது எல்லாம். ஸ்டென்ட்டில் அந்தத் தூரம் பெரிது, பென்சிலினில் இல்லவே இல்லை. செலவைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று 2013-ல் அந்தக் கணக்கைக் கைவிட்டோம், ஆனால் வரம்பு எங்கே பாதுகாப்பானது என்று தெரிய அதே செலவுதான் தேவைப்படுகிறது.

மூன்றாவது வழி, விலையை விட்டுவிட்டு இடையில் நிற்பவர்களின் லாபத்துக்கு வரம்பு வைப்பது. 2019-ல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வர்த்தக லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஆணை வந்தது. 526 பிராண்டுகளின் விலை குறைந்தது, சிலவற்றில் 90 சதவீதம் வரை என்று அரசு சொல்கிறது. தயாரிப்பாளர் தன் விலையை ஒரு பைசா குறைக்காமலே இத்தனை இறக்கம் என்றால், நடுவில் எவ்வளவு போய்க்கொண்டிருந்தது என்று யோசியுங்கள். தயாரிப்பாளர் வாங்கும் தொகை அப்படியே இருப்பதால் தட்டுப்பாட்டுப் பயமும் இதில் குறைவு. மருத்துவமனையே எழுதி, மருத்துவமனையே விற்கும் பொருட்களுக்கு இது நன்றாக வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

ஆனால் சதவீதத்தில் வரம்பு வைப்பதில் ஒரு கோளாறு இருக்கிறது. எளிமைக்கு, வாங்கிய விலை மேல் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய் மருந்தை விற்றால் மூவாயிரம் லாபம், அதே வேலையைச் செய்யும் ஒரு லட்சம் ரூபாய் மருந்தை விற்றால் முப்பதாயிரம். விற்பவர் எதை அலமாரியில் முன்னால் வைப்பார்? விலை ஏற ஏற சதவீதம் குறையும்படி படிப்படியாக வைத்தால் இதைச் சரிசெய்யலாம். இன்னொரு ஓட்டையை அடைப்பது கடினம்: இறக்குமதி செய்யும் நிறுவனம் தன் தாய் நிறுவனத்திடமே வாங்கும்போது, லாபத்தை முதல் விலைக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு வரலாம். காப்புரிமை உள்ள மருந்தில் தயாரிப்பாளரின் விலையே மலை அளவு என்றால் இந்த வரம்பு அதைத் தொடவே தொடாது. அங்கே வேறு கருவி வேண்டும். கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான சோராஃபெனிப் மாதத்துக்கு ஏறக்குறைய 2,80,000 ரூபாய் இருந்தது. 2012 மார்ச்சில் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரரின் சம்மதம் இல்லாமலே அதைத் தயாரிக்க அனுமதி, கொடுத்தபோது 8,880 ரூபாய்க்கு வந்தது. காப்புரிமை வைத்திருந்த பேயருக்கு விற்பனையில் 6 சதவீத ராயல்டி, பிறகு அது 7 ஆனது. எந்தச் சராசரிக் கணக்கும் லாப வரம்பும் இந்த இறக்கத்தைக் கொடுத்திருக்காது. போட்டியாளர் ஒருவர் உள்ளே வந்ததுதான் கொடுத்தது.

நான்காவது வழி தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது, ஆனால் விலைக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசும்போது யாரும் அதைச் சேர்த்துப் பேசுவதில்லை. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் மருந்து வாங்குகிறது. டெண்டரில் இரண்டு உறை. முதல் உறையில் நிறுவனத்தின் தகுதி, தரச் சான்றுகள். அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டும் பிரிப்பார்கள். சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்குப் போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், அதில் இத்தனை ரூபாய் என்று வரம்பு, அதற்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். இங்கே வரம்பு மருந்தின் விலை மேல் இல்லை, வாங்கும் மருத்துவமனையின் பட்ஜெட் மேல் இருக்கிறது. விலையைப் போட்டி பார்த்துக்கொள்கிறது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே போன்ற கழகங்களை அமைத்துக்கொண்டன. குறை இல்லாமல் இல்லை. குறைந்த விலை கேட்டு டெண்டரை எடுத்துவிட்டுச் சரக்கு அனுப்ப முடியாமல் திணறும் நிறுவனங்கள் உண்டு. தரப் பரிசோதனை ஒரு நாள் அசந்தாலும் ஆபத்து. தனியார் மருத்துவமனைக்குப் போகும் நோயாளிக்கு இதில் எதுவும் கிடைக்காது. அந்த இடைவெளிக்குத்தான் மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் ஆயிரம் கடைகளோடு தொடங்கிய முதல்வர் மருந்தகமும்.

என்னைக் கேட்டால், இந்த நான்காவது வழியை வெறும் நலத்திட்டமாகப் பார்ப்பதுதான் பெரிய இழப்பு. டெண்டரில் ஒரு நிறுவனம் தானாக முன்வந்து பத்து மாத்திரை இரண்டு ரூபாய் என்று எழுதிக் கொடுத்து, தரப் பரிசோதனையில் தேறி, ஆண்டு முழுக்கச் சரக்கும் அனுப்பிவிட்டால், அதன் செலவு இரண்டு ரூபாய்க்கு மேல் இருக்க முடியாது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. நஷ்டத்துக்கு யாரும் வருடம் முழுக்க விற்கமாட்டார்கள். அதாவது டெண்டர் விலை, மறைந்திருக்கும் செலவுக்கு ஒரு மேல்வரம்பு. பல மாநிலங்களின் டெண்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த வரம்பு இன்னும் இறுகும். 1970 முதல் அதிகாரிகள் கணக்குப் புத்தகங்களில் தேடியதை, வாங்கும் நடைமுறையே இலவசமாகக் கொடுக்கிறது.

எனவே என் தேர்வு இப்படி. பல நிறுவனங்கள் தயாரிக்கும் பழைய மருந்துகளுக்கு, சந்தை விலைச் சராசரியை விட்டுவிட்டு, உண்மையில் சப்ளை முடிந்த டெண்டர் விலைகளின் நடு விலையை எடுத்து, அதைப்போல இத்தனை மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைக்க வேண்டும். சில்லறைக் கடை வரைக்கும் கொண்டு சேர்க்கும் செலவு மொத்தக் கொள்முதலில் இல்லை என்பதால் மடங்கு தாராளமாகவே இருக்கட்டும், மூன்று மடங்கு என்றாலும் எனக்குச் சம்மதம். மருத்துவமனைக்குள்ளேயே விற்கப்படும் ஸ்டென்ட், செயற்கை மூட்டு, புற்றுநோய் ஊசி போன்றவற்றுக்குப் படிப்படியாக இறங்கும் லாப வரம்பு. கூடவே சிகிச்சைக் கட்டணத்தையும் சேர்த்த மொத்த பேக்கேஜுக்கு ஒரு வரம்பு, பணம் அடுத்த வரிக்குத் தாவாமல் இருக்க. காப்புரிமை மருந்துக்குக் கட்டாய உரிமத்தை அரசு எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும்.

டெண்டரை அளவுகோலாக வைப்பதில் இன்னொரு பயனும் இருக்கிறது, எனக்கு அதுதான் இந்த முறையில் மிகவும் பிடித்தது. வரம்பு மிக மேலே இருப்பதை மட்டுமல்லாமல், மிகக் கீழே போய்விட்டதையும் அது காட்டும். ஒரு மருந்துக்கு டெண்டர் விட்டு ஒருவரும் வரவில்லை, மறு டெண்டருக்கும் வரவில்லை என்றால், அந்த விலையில் அதைச் செய்ய முடியாது என்று அர்த்தம். பென்சிலின் விஷயத்தில் இந்தத் தகவலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, நிறுவனங்கள் விலகிய பிறகு விலையை ஏற்றினோம். இரண்டாவது டெண்டர் காலியாகத் திரும்பிய மாதத்திலேயே உச்சவரம்பை உயர்த்தவும், மூன்று ஆண்டுக்கு இத்தனை ஊசி நிச்சயம் வாங்கிக்கொள்கிறோம் என்று அரசு எழுதிக் கொடுக்கவும் விதி இருந்தால், தயாரிப்பாளர் ஆலையை மூட மாட்டார், ஊசி போட வரும் குழந்தையும் வெறுங்கையோடு திரும்பாது.